முகாமும் முந்திரித் தோப்பும்

1

போன மாதம் எனக்குத் தபாலில் ஒரு மலர் வந்தது. 1995 மே மாதத்தில் நான் பத்து நாள் தங்கிப் படித்த கோடை முகாமின் நினைவு மலர். பள்ளிகளில் கணக்கிலும் அறிவியலிலும் 'திறமை உள்ள' பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்து, ஒரு கல்லூரி விடுதியில் தங்கவைத்துப் பாடம் நடத்தினார்கள். சில வருஷங்கள் நடந்து நின்றுபோன முகாம். அதில் படித்தவர்கள் இன்று பெரிய வேலைகளில் இருக்கிறார்கள், பலர் வெளிநாட்டில். அவர்கள் கூடி இந்த மலரைப் போட்டிருக்கிறார்கள். என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். நான் தரவில்லை. தராவிட்டாலும், வந்த மலரை இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தேன்.

நிறுவனத்தின் பெயரையோ எழுதியவர்களின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களோடு எனக்குத் தகராறு கிடையாது. இந்த மாதிரி எழுத்தோடுதான் தகராறு.

மலரில் உள்ள கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே கதை. ஊரில், பள்ளிக்கூடத்தில் தனித்துப்போன ஒரு பிள்ளை. யாருக்கும் பிடிபடாத கேள்விகளைக் கேட்கிறது. வாத்தியார் முழிக்கிறார். கூடப் படிக்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள். ஒருநாள் கடிதம் வருகிறது. முகாமுக்குப் போகிறது. முதல் ராத்திரியே விடிய விடியப் பேச்சு. என்னைப் போன்றவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று கதை முடிகிறது. அமெரிக்காவில் இதேபோன்ற முகாம்களுக்குப் போய்வந்தவர்கள் எழுதியவற்றையும் படித்திருக்கிறேன். பெயரும் ஊரும் வேறு, முடிவு இதேதான்.

'என்னைப் போன்றவர்கள்.' இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நம்மவங்க, நம்ம ஆளுங்க, நம்ம ஜனம் என்று இந்த நாட்டில் காலங்காலமாகப் புழங்குகிற சொல் இது. சாதியின் பேரால் சொன்னால் அசிங்கம் என்று இப்போது படித்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அறிவின் பேரால் சொன்னால் அழகாக இருக்கிறது. அப்படிச் சொல்லும்போது யார் உள்ளே இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் உள்ளே இருந்தவன். அதனால் எண்ணிப் பார்க்கவேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது.

2

பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் செம்மண் பூமி. முந்திரிக் காடு. எங்கள் காலனிக்காரர்களுக்குக் கோடை என்றால் விடுமுறை என்று அர்த்தமில்லை, கொட்டை பொறுக்குகிற காலம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதும் முந்திரி உதிர்வதும் ஒரே சமயத்தில் நடக்கும். அதனால் எங்கள் தெருவில் படிக்கிற பிள்ளை, படிக்காத பிள்ளை என்ற வித்தியாசம் ஏப்ரல் கடைசியோடு தீர்ந்துவிடும். இருட்டோடு எழுந்து போகவேண்டும். உதிர்ந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்கவேண்டும். கொட்டை தோப்புக்காரருக்கு, பழம் நமக்கு. நாலு பழம் தின்றால் தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் அம்மா கொட்டை உடைப்பாள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் கொட்டைப் பால் கையில் படாமல் போகாது. பட்ட இடம் வெந்து, கறுத்து, தோல் உரியும். நாங்களும் கூட உட்கார்ந்து உடைப்போம். எங்கள் தெருப் பிள்ளைகளை ஊரில் அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, விரலைப் பார்த்தால் போதும்.

எங்கள் பள்ளியிலிருந்து முகாமுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஒருவன். இன்னொருவர் என் பெரியப்பா மகள். என்னைவிட எட்டு மாதம் மூத்தவள், ஒரே வகுப்பு. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பரீட்சையில் அவள்தான் முதல். தலைமையாசிரியர் இரண்டு பேர் வீட்டுக்கும் கடிதம் கொடுத்தனுப்பினார்.

எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"எத்தினி நாளு?"

"பத்து நாளும்மா."

"பத்து நாளு ஒரு ஆளு கூலி போவுமே." அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அம்மா கேட்டாள்: "சோறு அவங்களே போடறாங்களா?"

"மூணு வேளையும் போடறாங்களாம்."

"அப்பன்னா போ. ஒரு வயிறு கொறையுது."

என் திறமைக்கு என் வீட்டில் கிடைத்த அங்கீகாரம் இதுதான். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அம்மா போட்ட கணக்கு முகாம்காரர்கள் போட்ட கணக்கைவிட நேர்மையானது. ஒரு பிள்ளை பத்து நாள் சும்மா உட்கார்ந்து படிக்கவேண்டுமானால் அந்தப் பத்து நாளை யாரோ விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியப்பா வீட்டில் பேச்சே நடக்கவில்லை. "பொட்டப் புள்ளய பத்து ராத்திரி வெளியில வுடறதா?" அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் அக்கா தோப்புக்குப் போனாள். எனக்கு ஒதுக்கியிருந்த வரிசை மரத்தடியையும் சேர்த்து அவளே பொறுக்கினாள் என்று பின்னால் தெரிந்தது.

அக்காவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். தோப்பில் சின்னப் பிள்ளைகளை வேலையில் நிறுத்திவைக்க அவள் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். "ரெண்டு ரெண்டாப் பிரிச்சாலும் ஒண்ணு மிஞ்சணும், மூணு மூணாப் பிரிச்சாலும் ஒண்ணு மிஞ்சணும், அஞ்சஞ்சாப் பிரிச்சாலும் ஒண்ணு மிஞ்சணும். எத்தினி கொட்ட எடுப்பே?" பிள்ளைகள் மண்ணில் கொட்டையைப் பரப்பிப் பரப்பிப் பார்க்கும். முப்பத்தொன்று. "ரெண்டையும் மூணையும் அஞ்சையும் பெருக்கு, ஒண்ணு போடு" என்பாள். "மிச்சக் கொட்ட எனக்கு." யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளாகக் கண்டுபிடித்தது.

3

முகாமில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மூன்று வேளைச் சோறு. அணையாத விளக்கு. உள்ளே போய்ப் புத்தகத்தைக் கையால் தொட்டு எடுக்கலாம் என்கிற நூலகம். கேள்வி கேட்டால் அடிக்காமல் பதில் சொல்கிற வாத்தியார்கள். மூன்றாம் நாள் ராத்திரி மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்து வியாழனைக் காட்டினார்கள். பக்கத்தில் பொட்டுப் பொட்டாக அதன் நிலாக்கள். கலிலியோ 1610இல் பார்த்த அதே நிலாக்கள் என்று ஒருவர் விளக்கினார். வரிசையில் திரும்பத் திரும்ப நின்று மூன்று தடவை பார்த்தேன்.

அன்றைக்குப் பகலில் கணக்கு வாத்தியார் ஒரு கேள்வி போட்டிருந்தார். பகா எண்களுக்கு முடிவு உண்டா, இல்லையா? யாருக்கும் வரவில்லை. படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது எனக்கு அக்காவின் மிச்சக் கொட்டை ஞாபகம் வந்தது. கடைசிப் பகா எண் என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொள். அதுவரைக்கும் உள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கு. ஒன்றைக் கூட்டு. வருகிற எண்ணை அந்தப் பட்டியலில் உள்ள எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். அப்படியானால் அந்த எண்ணே பகா எண்ணாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அதை வகுக்கிற பகா எண் பட்டியலுக்கு வெளியே இருக்கவேண்டும். எப்படியானாலும் பட்டியல் முடியவில்லை. இது யூக்ளிட் 2300 வருஷங்களுக்கு முன்பே சொன்னது என்று அடுத்த நாள் வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ராத்திரி அது எனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பனை எழுப்பி, தரையில் சாக்பீஸால் எழுதி விளக்கினேன். அவன் நல்லவன், கெட்டிக்காரன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அட!" என்று கையைத் தட்டினான்.

நாலாம் நாள் காலைக் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மைக்கைப் பிடித்தார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடன்ட்ஸ் மட்டும் இருங்க. பயணப்படிக்குக் கையெழுத்துப் போடணும். மத்தவங்க கிளாசுக்குப் போகலாம்." அறுபது பேரில் நாங்கள் நாலு பேர் நின்றோம். அந்த முகாமில் இடஒதுக்கீடே கிடையாது. எல்லாரும் ஒரே பரீட்சை எழுதி வந்தவர்கள்தான். பஸ் காசு கொடுப்பதற்கு மட்டும் எங்களுக்கென்று தனித் தலைப்பில் பணம் இருந்தது. அதை ஒரு அறையில் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்தார் என்றும் நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது பேரேட்டில் ஒரு வரி.

நண்பன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. சாப்பாட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். என் விரலை ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி சாக்பீஸை அவன் எடுத்தான். பகா எண் கணக்கை எனக்கு விளக்க ஆரம்பித்தான். மெதுவாக, பொறுமையாக, புரியுதா புரியுதா என்று கேட்டு, முந்தின ராத்திரி நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கணக்கை எனக்கே சொல்லிக்கொடுத்தான். நானும் தெரியாதவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏன் தலையாட்டினேன் என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன்.

மலரில் அவன் கட்டுரையும் இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறான். அந்த ராத்திரியைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. யூக்ளிடின் நிரூபணத்தைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு நண்பனுக்குத் தரையில் எழுதிப் புரியவைத்ததாகவும், மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதன் இன்பத்தை அன்றுதான் அறிந்ததாகவும் எழுதுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. இரண்டு ராத்திரிகளில் ஒன்றை மட்டும் அவன் ஞாபகம் வைத்திருக்கிறது. எது நடந்திருக்க முடியும், எது நடந்திருக்க முடியாது என்று சாதி முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிறது. ஞாபகம் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுகிறது. 'திறமை' என்பது தலைக்குள் இருக்கிற சரக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படிக்கவேண்டும். திறமை என்பது யார் சொன்னதாக நினைவில் நிற்கிறது என்பதும்தான்.

4

நம் எழுத்தில் பள்ளிக்கூடம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதில் கல்லூரி வகுப்பில் ஹரிஜன மாணவிகளை எழுந்து நிற்கச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அரசாங்கம் அவர்களுக்கு மாலையில் தனிப்பயிற்சி ஏற்பாடு செய்திருக்கிறதாம். எழுந்து நிற்பவர்கள் மேல் மற்றவர்களின் பார்வை விழுகிறது. அவர் அந்தப் பயிற்சி தனக்கு வேண்டாம் என்று மறுக்கிறார். நான் அதைப் படித்தது முகாமுக்குப் போய்வந்து சில வருஷம் கழித்து. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். மைக் சத்தம் காதில் கேட்டது.

'சிறப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சிறப்பு முகாம் என்றால் கூடுதலாக இருப்பதற்குக் கூடுதலாகக் கொடுப்பது. நம் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு என்றால் குறையாக இருப்பதை ஒட்டுப்போடுவது. ஒரே சொல் மேலே தூக்குகிறது, கீழே அமுக்குகிறது. நான் இன்று அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதிவேட்டில் நானே எழுதவேண்டியிருக்கிறது: மீத்திறன் மாணவர் இத்தனை பேர், மெல்லக் கற்போர் இத்தனை பேர். மெல்லக் கற்போர் பட்டியலை எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், அது பாதிக்கு மேல் எங்கள் ஊர்க் காலனிப் பிள்ளைகளின் பட்டியலாக இருக்கிறது. எழுதுகிற கை என் கை.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) நூலில் தலைமையாசிரியர் அந்தச் சிறுவனைப் பாடம் கேட்கவிடாமல் பள்ளி மைதானத்தைக் கூட்டவைக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சை வைத்து மீத்திறன் உள்ளவர்களைப் பொறுக்கினால் கூட்டுகிறவன் வருவானா, உட்கார்ந்து படித்தவன் வருவானா?

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலின் முதல் பகுதியே ஒரு கோடை விடுமுறைதான். இதை நாம் போதுமான அளவு கவனித்ததில்லை என்று நினைக்கிறேன். 1901. அம்பேத்கருக்குப் பத்து வயது. அப்பா கோரேகாவில் காசாளராக வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரச்சொல்லி எழுதுகிறார். சிறுவர்கள் புது உடுப்புப் போட்டுக்கொண்டு சதாராவிலிருந்து ரயிலேறுகிறார்கள். இறங்கிய ஸ்டேஷனில் கூட்டிப்போக ஆள் வரவில்லை. மகர் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் விலகிப்போகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகள் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. கூடையில் சோறு இருக்கிறது. தண்ணீர் கொடுக்க ஆளில்லை. ராத்திரி முழுக்கத் தாகம்.

இந்தியாவின் மிகப் பெரிய அறிவாளிகளில் ஒருவரின் 'கோடைகாலக் கல்வி' அதுதான். அந்த மலரையும் இந்தப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அங்கே ஒரு பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போய்த் தன்னைப் போன்றவர்களைக் கண்டுபிடிக்கிறது. இங்கே ஒரு பிள்ளை வீட்டைவிட்டு வெளியே போய்த் தான் யாரைப் போன்றவன் என்று மற்றவர்கள் முடிவுகட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கிறது. இரண்டுமே அறிவுதான். ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் தருகிறார்கள்.

5

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்துகிற முகாம்களைப் பார்த்துத்தான் எங்கள் முகாமும் தொடங்கப்பட்டது என்று மலரின் முன்னுரையில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். எனவே அந்த வம்சாவளியையும் பார்த்துவிடுவோம்.

கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் அறிவுத்திறன் சோதனை வைத்து ஏறக்குறைய 1,500 பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அறிவு பிறப்பில் வருவது, இனத்துக்கு இனம் வேறுபடுவது என்று நம்பியவர் அவர். பொறுக்கிய பிள்ளைகளில் கறுப்பினத்தவர் விரல்விட்டு எண்ணும்படிதான். அந்தச் சோதனையில் தேறாமல் வெளியே நின்ற இரண்டு பையன்கள் பின்னால் நோபல் பரிசு வாங்கினார்கள்: 1956இல் வில்லியம் ஷாக்லி, 1968இல் லூயிஸ் அல்வாரெஸ். சோதனை பொறுக்கியெடுத்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட நோபல் கிடைக்கவில்லை. இதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. தன்னை ஒதுக்கிய அதே அளவுகோலை ஷாக்லி வயதான காலத்தில் கையிலெடுத்தார். கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்றும், சோதனையில் குறைந்த எண் வாங்குகிறவர்களுக்குப் பணம் கொடுத்துக் கருத்தடை செய்யலாம் என்றும் பேசித் திரிந்தார். அளவுகோலால் அடிபட்டவன் அளவுகோலை முறிப்பான் என்று நிச்சயம் இல்லை. நாமும் மனதில் வைக்கவேண்டிய பாடம்.

கார்ல் பிரிகம் 1923இல் வடக்கு ஐரோப்பிய இனமே அறிவில் உயர்ந்தது என்று புத்தகம் எழுதினார். கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வை 1926இல் உருவாக்கியவரும் அவரே. 1930இல் தன் இனவாத முடிவுகள் தவறு என்று அவரே திரும்பப் பெற்றார். தேர்வு நிலைத்துவிட்டது. அதே சாட் தேர்வைத்தான் ஜூலியன் ஸ்டேன்லி 1970களின் தொடக்கத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்து, கணக்கில் தேர்ந்தவர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். 1979இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதற்கென்று மையம் வந்தது. மூன்று வாரம் தங்கிப் படிக்கும் கோடை வகுப்புகள் வந்தன. கூகுளின் செர்கே பிரின், ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க், பாடகி லேடி காகா எல்லாம் அங்கே போனவர்கள். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். ஏழைகளுக்கு உதவித்தொகை உண்டு. அது கேட்கத் தெரிந்தவர்களுக்கு.

அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது பால்டிமோர் நகரத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அதே பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்கள் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் ஆகியோர் 1982 முதல் அந்த நகரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து பின்தொடர்ந்தார்கள். 2007இல் வெளியிட்ட முடிவு இது: பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறுகிறார்கள். கோடையில்தான் பிரிகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் காணும் இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்பப் பள்ளிக் காலத்துக் கோடைகளில் விளைந்தது. பின்னால் வந்தவர்கள் இந்த அளவைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். சோதனைகள் வைத்த விதத்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள். அளவு எதுவானாலும் கேள்வி நிற்கிறது. ஒரே வளாகத்தில் ஒரு கட்டடம் கோடைதான் பிள்ளைகளைப் பிரிக்கிறது என்று கண்டுசொல்கிறது. இன்னொரு கட்டடம் கோடையில் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே மட்டும் வேறா? 2017இல் நாம் இழந்த அரியலூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர். அவருக்கு இல்லாமற்போனது அறிவல்ல. நீட் தேர்வுக்கென்று காசு கட்டிப் பயிற்சி எடுக்கிற நாட்கள்.

6

இதுவரை அவர்கள் எழுத்தைப் பேசினேன். இனி என் வாயைப் பேசவேண்டும்.

இருபது வருஷமாக எத்தனையோ கூட்டங்களில், மாணவர் மன்றங்களில், அம்பேத்கர் பிறந்தநாள் மேடைகளில் என் கதையைச் சொல்லியிருக்கிறேன். முந்திரித் தோப்பிலிருந்து முகாமுக்குப் போனேன், பகா எண் கணக்கை நானாகப் போட்டேன், அந்தப் பத்து நாள்தான் என்னை ஆளாக்கியது. கை தட்டுவார்கள். ஒரு மேடையிலும் அக்காவின் பெயரைச் சொன்னதில்லை. முப்பத்தொரு கொட்டை விளையாட்டைச் சொன்னதில்லை. நண்பன் எனக்குச் செய்ததை நான் அக்காவுக்குச் செய்துகொண்டிருந்தேன். மலரில் அந்தப் பக்கத்தைப் படித்து ஆத்திரப்பட்டு எழுந்து நடந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

தலித் எழுத்தாளர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நம் தன்வரலாறுகளில் ஒரு வகை, அந்த மலரின் கதையைக் கறுப்பு மையில் திருப்பி எழுதியது போல ஆகிக்கொண்டிருக்கிறது. சேரியில் ஒரே ஒரு அறிவுள்ள பிள்ளை, அதைச் சுற்றி இருட்டு, அது மட்டும் ஏறி வெளியே வந்தது. சேரியைச் சுற்றி இருட்டென்று சொன்னால்தான் நாம் பளிச்சென்று தெரிவோம். அதற்காக உடன்பிறந்தவர்களை இருட்டாக்குகிறோம். 'என்னைப் போன்றவர்கள்' என்று நாமும் சொல்லத்தொடங்குகிறோம். நம்மிடம் அது இன்னும் மோசம். ஏனென்றால் நாம் மேலே வந்தது யாரோ ஒருத்தி நம் வரிசையையும் சேர்த்துப் பொறுக்கியதால்.

மலரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இன்றைக்கும் கொட்டைதான் உடைக்கிறாள். 1995 ஜூனில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது கணக்கில் அவள் என்னைவிட மூன்று மதிப்பெண் கூட. அதோடு படிப்பு முடிந்தது. நண்பன் எழுதிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நான் மறைத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்தாள்.

"நம்ம முப்பத்தோரு கொட்டயா? அத அவரு வேற எழுதிக்கினாரா?" என்றாள். "மிச்சக் கொட்ட எனக்குன்னு அப்பவே சொன்னனேடா. யாருனா குடுத்தீங்களா?"

என்னிடம் பதில் இல்லை.

திறமை உள்ள பிள்ளைகளே இல்லை, எல்லாம் புரட்டு என்று நான் சொல்லவரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுத் தனியாக நிற்கிற பிள்ளை உண்டு. அது காலனிப் பிள்ளையாக இருந்தால் இரண்டு மடங்கு தனிமை. அதற்குப் பேச ஆள் வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாளில் எனக்குக் கிடைத்தவற்றை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள்: சோறு, விளக்கு, புத்தகம், பதில் சொல்லும் வாத்தியார், வேலையில்லாத பகல். இவற்றை என் திறமைக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். உண்மையில் இவைதாம் என் திறமைக்குக் காரணம். இவற்றைப் பொறுக்காமல், பரீட்சை வைக்காமல், எல்லாருக்கும் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு யார் மீத்திறன், யார் மெல்லக் கற்போர் என்று பேசுவோம்.

அக்காவின் கடைசி மகள் அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் விடுதியைப் பூட்டினார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் தோப்புக்குப் போனாள். பணக்காரப் பள்ளிகள் பிள்ளைகளுக்குக் கோடை முகாம்களைத் திறக்கிற அதே வாரத்தில் நம் பிள்ளைகளின் விடுதிகளில் பூட்டு விழுகிறது. ஆதிதிராவிடர் நல விடுதி உள்ளிட்ட விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். மே மாதத்துப் பூட்டைத் திறப்பது அதைவிட நல்ல காரியம்.

நம் மாணவர் அமைப்புகள் இந்த ஒரு கோரிக்கையைக் கையிலெடுக்கவேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை விடுதிகள் திறந்திருக்கவேண்டும். மூன்று வேளைச் சோறும், நூலகமும், கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒவ்வொரு வாத்தியாரும் இருக்கவேண்டும். கூலி போகிற வீடுகளுக்கு அந்த நாட்களுக்கான உதவித்தொகை தரவேண்டும். பெண் பிள்ளைகளை நம்பி அனுப்பும்படி பெண் காப்பாளர்கள் இருக்கவேண்டும். பரீட்சை வைக்கக்கூடாது. வருகிற பிள்ளைகளையெல்லாம் சேர்க்கவேண்டும். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன். முதல் பாடம் எதுவென்று முடிவு செய்துவிட்டேன். யார் கண்டுபிடித்த பாடம் என்பதையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன்.